ஒன்பது நாள் கணக்கு

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அவசரத்தில் இருக்கிறாய், நான் கோபத்தில் வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரையைக் கொடுத்தால், "அவன் சொன்னா போட்டுக்கறேன்" என்கிறாள். பெற்றது இரண்டு, பிள்ளை ஒன்று என்ற கணக்கில்தான் இந்த வீடு ஓடுகிறது. உனக்குத் தெரியாததா?

விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டு வருஷமாக மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் கொசுமருந்துக்கும் தடுப்பூசிக்கும் ஓடிக்கொண்டிருந்தவளிடம் ஒரு முழுத் திட்டத்தை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். கடும் வெயில் வந்தால் விளையாட்டு அரங்கத்தைத் திறந்து, குளிர்சாதனம் போட்டு, வீட்டில் தனியாக வெந்துகொண்டிருக்கும் வயதானவர்களைப் பகல் முழுக்க அங்கே உட்கார வைக்க வேண்டும். முப்பது கட்டில், இரண்டு செவிலியர், அழைத்து வர ஒரு வேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆணையர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தனை நாளுக்கும்மா?"

அரங்கத்தின் சாவி விளையாட்டுச் சங்கத்திடம் இருக்கிறது. 'தேவைப்படும் வரை' என்று எழுதினால் அவர்கள் தரமாட்டார்கள். எண்ணிச் சொல்ல வேண்டும். உங்கள் வானிலை ஆராய்ச்சி நிறுவனம் நம் நகரத்துக்குத் தந்த அறிக்கையை இரண்டு தடவை படித்தேன். பக்கத்துக்குப் பத்து முறை 'தடை', 'தடை' என்று எழுதியிருக்கிறாய். அது என்ன தடை, எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. உன் பேராசிரியருக்கு எழுதுகிற மாதிரி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன்னை நினைத்துப் பெருமையும் எரிச்சலும் மாறி மாறிப் படும்,
அக்கா


ஜூன் 15

என் அக்காவுக்கு,

திருப்பி அனுப்பிவிடாதே, முழுக்கப் படி. நம் ஊர் மாதிரி பூமத்திய ரேகையை விட்டு வெகுதூரம் வடக்கே இருக்கிற இடங்களில் மேல்காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடுகிற வரை வானிலையும் நகரும். இன்று வெயில் என்றால் நான்கு நாளில் மேகம் வந்துவிடும். சில சமயம் ஒரு பெரிய உயர் அழுத்தம் அந்த ஓட்டத்தின் குறுக்கே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். காற்று அதைச் சுற்றிக்கொண்டு வடக்கேயும் தெற்கேயும் போகும். அதன் அடியில் மாட்டிய ஊருக்கு மேகம் கிடையாது, காற்றும் கிடையாது. நேற்றைய வெயிலேதான் இன்றும், நாளையும். இதைத்தான் தடை என்கிறோம்.

கணினியில் வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி ஓடவிட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. அதைக் காலநிலை மாதிரி என்போம். இந்த மாதிரிகளுக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு. நிஜத்தில் பத்து நாள் உட்காருகிற தடை, மாதிரியில் ஆறாம் நாளே எழுந்து போய்விடும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இது தலைவலிதான். எங்கள் மாதிரி இதில் தேறிவிட்டது. பதினான்காம் பக்கத்தைப் பார். நாற்பது வருஷத்து நிஜப் பதிவும் எங்கள் மாதிரியும் அச்சாகப் பொருந்துகின்றன. அந்த ஒரு படத்துக்காக இரண்டு வருஷம் உழைத்தேன்.

இனி வரப்போகும் ஆண்டுகளுக்கு ஓட்டிப் பார்த்ததில், உங்கள் பகுதியில் கோடையில் மிக நீண்ட தடை ஒன்பது நாள். முப்பத்தொன்றாம் பக்கம். நீ பத்து என்று போடு. ஒரு நாள் கூடுதலாகவே இருக்கட்டும். பயப்படாதே.

அம்மாவிடம் மாத்திரையைப் போடச் சொன்னேன் என்று சொல்.

உன் அதட்டலுக்கு இன்னும் பயப்படும்,
தம்பி


ஆகஸ்ட் 4

தம்பி,

வந்துவிட்டது. உன் தடை எங்கள் தலைக்கு மேல் உட்கார்ந்து இன்றோடு ஏழு நாள். அரங்கத்தில் மதியச் சாப்பாடு முடிந்த நேரம், கட்டில் ஒன்றில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் நாள் பதினொரு பேர் வந்தார்கள். இன்று நூற்று நாற்பது. தெருவில் தார் செருப்பில் ஒட்டுகிறது, இங்கே போர்வை கேட்கிறார்கள்.

உன் படங்களில் இவர்கள் இருக்கமாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். ஒரு அம்மாள் தினமும் கட்டிலை மாற்றிக்கொண்டே இருக்கிறார். எங்கே படுத்தாலும் பக்கத்தில் இருப்பவர் குறட்டை விடுகிறாராம். செவிலியர் பார்த்துவிட்டுச் சொன்னாள், குறட்டை விடுவது அந்த அம்மாளேதான். கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர் வருகிறார். கடையை மூடி ஆறு வருஷமாகிறதாம், ஆனால் சட்டைப் பையில் சின்ன திருப்புளி இன்னும் இருக்கிறது. இங்கே இருக்கிற அத்தனை பேருடைய மூக்குக்கண்ணாடியையும் முடுக்கிக் கொடுத்துவிட்டார். என்னுடையதையும் பிடுங்கிப் பார்த்து, "இதைப் போட்டுக்கிட்டா கையெழுத்துப் போடறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான்காம் மாடியில் தகரக் கூரைக்கு அடியில் தனியாக இருக்கிறார்.

ஒருவர் கூடச் சாகவில்லை. ஆணையர் நேற்று வந்து கை குலுக்கினார். இன்னும் மூன்று நாள்தானே, சமாளித்துவிடுவேன்.

களைத்துப்போன, ஆனால் சந்தோஷமான,
அக்கா


ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

பதினேழு நாள் உட்கார்ந்திருந்தது. செய்தியில் பார்த்திருப்பாய்.

பத்தாம் நாள் மாலை அரங்கத்தை நான்தான் மூடினேன். திட்டத்தில் பத்து என்று இருந்தது. பதினொன்றாம் நாள் முதல் விளையாட்டுச் சங்கத்துக்குப் பூப்பந்துப் போட்டி. வானிலை அலுவலகத்தில் கேட்டேன். "இன்னும் ரெண்டு மூணு நாள் இழுக்கலாம், உறுதியா சொல்ல முடியாது" என்றார்கள். ஆணையரிடம் போனேன். "உங்க திட்டத்துல பத்துன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு திமிர் இருந்தது. தம்பி சொல்லியிருக்கிறான், நாளைக்குக் காற்று திரும்பும் என்று. சாவியைக் கொடுத்து ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் கண்ணாடிக் கடைக்காரர் வந்திருக்கிறார். வேன் நின்றுவிட்டது, நடந்தே வந்திருக்கிறார். காவலாளி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மூடியாச்சுங்கன்னேன். உள்ள சத்தம் கேக்குதேன்னார். பந்து விளையாடறாங்கன்னேன். கொஞ்ச நேரம் படியில உக்காந்துக்கறேன்னார். குளிர்ச்சி கதவுக்குக் கீழ வருதுல்ல, அதுல காலை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்." பிறகு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். வெளியூரில் ஆசிரியையாக இருக்கும் மகள் போன் அடித்து, எடுக்கவில்லை என்று பதினான்காம் நாள் வந்து கதவை உடைத்திருக்கிறாள். நகரம் முழுக்க, அந்தக் கடைசி ஏழு நாளில் நாற்பத்தொரு பேர். அவர்களில் ஆறு பேர் தினமும் என் அரங்கத்துக்கு வந்தவர்கள். குறட்டை அம்மாளும்.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். முன்கூட்டி மூடியது யார் என்பதுதான் அவர்கள் கேள்வி. நான்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்து எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும் அல்லவா? நீ ஒரு பக்கம் எழுதிக் கொடு. அந்த எண் எவ்வளவு உறுதியானது, எவ்வளவு இல்லாதது என்று உள்ளதை எழுது, போதும்.

இன்னொன்று. அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பதினான்காம் பக்கத்தில் உங்கள் மாதிரி, கடந்த காலத்தில் மிக நீண்ட தடை பதினாறு நாள் என்று காட்டுகிறது. முப்பத்தொன்றில், வருங்காலத்தில் ஒன்பது என்கிறது. பதினாறு நாள் உட்காரத் தெரிந்தது இனிமேல் ஏன் ஒன்பதில் எழுந்து போகும்? எனக்குத்தான் புரியவில்லையா?

அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்கா,

படித்துவிட்டு அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. உன் மேல் எந்தத் தவறும் இல்லை, அதை முதலில் மனதில் வை.

குழுவுக்கு எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நான் தனி ஆளாக எழுத முடியாது, நிறுவனத்தின் சட்டப் பிரிவு பார்க்க வேண்டும். தவிர, இது நிகழ்தகவு சம்பந்தப்பட்ட விஷயம். ஒன்பது என்பது மாதிரியின் ஓட்டங்களில் கிடைத்த உச்சம்தான், இயற்கைக்கு விதித்த வரம்பு இல்லை. முப்பத்தொன்றாம் பக்கத்தின் அடிக்குறிப்பில், இவற்றைத் தனித்த நிகழ்வுகளுக்குப் பயன்படுத்துவதில் கவனம் தேவை என்று போட்டிருக்கிறோம். பதினாறு, ஒன்பது இரண்டும் வேறு வேறு வகை ஓட்டங்கள். அவற்றை நேரடியாக ஒப்பிடக் கூடாது. விளக்கினால் நீளும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவையும்.

தம்பி


செப்டம்பர் 9

தம்பி,

அடிக்குறிப்பைத் தேடிப் பார்த்தேன், இருக்கிறது. கண்ணாடிக் கடைக்காரர் முடுக்கிக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் குனிந்துதான் படிக்க வேண்டியிருந்தது. ஜூனில் எனக்கு எழுதியபோது அந்தக் குறிப்பு உனக்கு ஞாபகம் வரவில்லை. 'பயப்படாதே' என்று மட்டும் எழுதத் தெரிந்தது.

நீளும் என்கிறாய். நீளட்டும். எனக்கு இப்போது வேலை இல்லை, விசாரணை முடியும் வரை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்து உன் பின்னிணைப்பைப் படித்தேன். அதில் ஒவ்வொரு தடைக்கும் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் பட்டியல் போட்டிருக்கிறாய். வருங்காலப் பட்டியலை விரல் வைத்து எண்ணினேன். ஒன்று ஜூலை ஏழில் முடிகிறது, அடுத்தது பத்தில் தொடங்குகிறது. இன்னொன்று பதினெட்டில் முடிகிறது, அடுத்தது இருபத்தொன்றில் தொடங்குகிறது. பக்கம் முழுக்க இப்படித்தான். கடந்த காலப் பட்டியலில் இப்படி ஒன்று கூட இல்லை. இங்கே இரண்டு நாள் இடைவெளியில் உடைகிறது, அங்கே உடையவே இல்லை. ஏன்?

சுற்றி வளைக்காமல் சொல்.

அம்மா, "அவனைத் தொந்தரவு பண்ணாதே, அவனுக்கு எவ்வளவோ வேலை" என்கிறாள். நான் வீட்டில் உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஓய்வு மாதிரி தெரிகிறது.

அக்கா


செப்டம்பர் 23

அக்கா,

இரண்டு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் துறையில் அந்த அறிக்கையை ஐந்து பேர் சரிபார்த்தார்கள். ஒருவரும் பட்டியலில் விரல் வைக்கவில்லை.

ஒரு தடை நடுவில் ஒரு நாள் தளர்ந்து மறுநாள் மீண்டும் இறுகினால் அது ஒன்றா, இரண்டா? நிஜப் பதிவுகளில் ஒரு நாள் இடைவெளி வரை ஒன்றாக எண்ணினேன், அதுதான் வழக்கம். எங்கள் மாதிரியில் தடைகள் இரண்டு நாள், மூன்று நாள் தளர்ந்து தளர்ந்து வந்தன. அதே விதிப்படி எண்ணினால் எல்லாம் துண்டு துண்டாக விழுந்தன. மாதிரி பழைய வியாதியிலேயே இருந்தது, தேறவே இல்லை. அறிக்கை கொடுக்க எட்டு நாள்தான் பாக்கி. மாதிரிக்கு மட்டும் மூன்று நாள் இடைவெளி வரை ஒட்டுப் போட்டு எண்ணினேன். அச்சாகப் பொருந்தியது. என் தலைவர் முதுகில் தட்டினார். ஒட்டைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதவில்லை.

பிறகு வருங்காலத்துக்கு ஓட்டியபோது ஒட்டு இல்லாத பழைய நிரலையே ஓட்டிவிட்டேன். அது வேண்டுமென்று செய்ததில்லை, சத்தியமாக இல்லை. ஒன்பது வந்தது. போன வாரம் ஒட்டுப் போட்டு எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது.

ஒட்டு சரி என்றால் ஒன்பது தப்பு. ஒட்டு தப்பு என்றால் மாதிரி தேறியது என்பது தப்பு. எந்தப் பக்கம் திருப்பினாலும் அகப்படுவது நான்தான்.

நவம்பரில் என்னை எங்கள் ஆராய்ச்சிக் குழுத் தலைவராக்குவது பற்றி முடிவு செய்கிறார்கள். அதே எண்ணிக்கை பன்னிரண்டு நிறுவனங்களின் மாதிரிகளை ஒப்பிடும் ஆய்விலும் போயிருக்கிறது. இப்போது சொன்னால் நான் மட்டும் போகமாட்டேன், என்னோடு வேலை பார்க்கும் மூன்று பேர் போவார்கள். உனக்கு அதிகபட்சம் இடமாற்றம் கிடைக்கும். எனக்கு இந்தத் தொழிலே இருக்காது. எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு, நானே சரிசெய்துவிடுகிறேன். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

தம்பி


அக்டோபர் 1

தம்பி,

கிழிக்கவில்லை.

ஆனால் இதைக் கொண்டுபோய்க் குழுவின் மேஜையில் போடவும் மாட்டேன். நீ எனக்கு எழுதிய கடிதம் இது. தப்பைச் சொல்லவாவது உன்னால் முடிந்ததே என்று ஒரு நிமிடம் நிம்மதியாகக் கூட இருந்தது. அடுத்த பத்தியைப் படிக்கிற வரைக்கும்.

அதிகபட்சம் இடமாற்றம் என்று எவ்வளவு சுலபமாக எடைபோட்டுவிட்டாய். மார்க்கெட்டுக்குப் போனால் என்னைத் தெரிந்தவர்கள் கூடையைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறார்கள். குறட்டை அம்மாளின் மருமகன் நடுத்தெருவில் கேட்டார், "பந்து விளையாட்டு நல்லா நடந்துதாம்மா?" இதையெல்லாம் நான் வாங்கிக்கொள்கிறேன், மூடியது நான்தானே. ஆனால் என் பங்குக்கு மேல் வாங்கமாட்டேன்.

பத்தொன்பதாம் தேதி விசாரணை. நீ வர வேண்டாம், எழுதி அனுப்பு. எனக்குச் சொன்ன அதே நான்கு வரி போதும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். இதற்கு முன்னால் உன்னிடம் எதையாவது கெஞ்சியிருக்கிறேனா?

அக்கா


அக்டோபர் 20

தம்பிக்கு,

உங்கள் நிறுவனத்தின் விளக்கம் வந்தது. கீழே உன் கையெழுத்து. விசாரணையில் அதைப் படித்தபோது நான் எழுந்து நின்று கேட்க வேண்டியிருந்தது. 'அறிக்கையின் எண்கள் அவை தயாரிக்கப்பட்ட நோக்கத்துக்கு அப்பால், உரிய நிபுணர் ஆலோசனையின்றிப் பயன்படுத்தப்பட்டுள்ளன.' விசாரணைக் குழுவின் தலைவர் என்னைப் பார்த்து, "நிபுணர் யார்கிட்டயும் கேக்கலையா?" என்றார்.

உன் ஜூன் கடிதமும் செப்டம்பர் கடிதமும் கைப்பையில் இருந்தன. பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் கிளம்பும்போது அம்மா சொன்னாள், "உன் வேலை போனா உனக்கு நான் இருக்கேன். அவனுக்குப் போனா அங்க யாரு இருக்கா?" அதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. "இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். வெப்பத் திட்டத்தைக் கிடப்பில் போட்டாயிற்று, அடுத்த கோடைக்கு அரங்கமும் கிடையாது, வேனும் கிடையாது. நான் வாயை மூடியது அம்மாவுக்காக. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து மாதமாக நீ போனையும் எடுப்பதில்லை. அம்மா மூலமாகத்தான் உன் சேதி தெரிகிறது. இந்நேரம் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஒரு நல்ல செய்தி. குழுத் தலைவர் பொறுப்பு எனக்கே கிடைத்தது. அதில் உட்கார்ந்த பிறகு முதல் வேலையாக அந்தப் பழைய விஷயத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டேன். கட்டங்களை நான்கில் ஒரு பங்காகச் சிறிதாக்கி மாதிரியை மறுபடி ஓட்டினோம். இப்போது ஒட்டே தேவைப்படவில்லை, தடைகள் நிஜமாகவே உட்காருகின்றன. முழுதும் இல்லை, முன்பைவிட எவ்வளவோ மேல். நான் சொன்னபடி நடந்துகொண்டேன் என்பதை நீ ஒத்துக்கொள்வாய்.

இதைக் கட்டுரையாக எழுதுகிறோம். போன ஆகஸ்டில் நம் நகரத்தின் மேல் நின்ற பதினேழு நாள் தடைதான் அதில் முக்கிய எடுத்துக்காட்டு. இவ்வளவு துல்லியமாகப் பதிவான நீண்ட தடை கிடைப்பது அபூர்வம். அரங்கத்தில் நீ ஒரு வருகைப் பதிவேடு வைத்திருந்ததாக அம்மா சொன்னாள். தினமும் எத்தனை பேர், என்ன வயது, பிறகு அவர்களில் யாருக்கு என்ன ஆனது என்பதைச் சேர்த்தால் கட்டுரை மிகவும் வலுப்பெறும். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். முடிந்தால் இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பு. நன்றி கூறும் பகுதியில் உன் பெயரைக் கண்டிப்பாகப் போடுவேன்.

என்றும் உன்,
தம்பி


மார்ச் 16

தம்பி,

பதிவேட்டின் நகலைக் கண்ணாடிக் கடைக்காரரின் மகளிடம் கொடுத்துவிட்டேன். விசாரணையை மறுபடி திறக்கச் சொல்லி அவள் மூன்று மாதமாக அலைந்துகொண்டிருக்கிறாள். இறப்புச் சான்றிதழில் ஒரு திருத்தம் கேட்டு என் மேஜைக்கு வந்தாள், அங்கேதான் அவளை முதலில் பார்த்தேன். அன்றைக்கு எதுவும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உன் கடிதம் வந்த பிறகு நானே தேடிப் போனேன். என் பங்கை முழுக்க அவளிடம் சொன்னேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. பெயர்கள் வேண்டாம் என்றாய், அவளுக்குப் பெயர்கள்தான் வேண்டுமாம்.

ஒட்டைப் பற்றிச் செப்டம்பரில் நீ எழுதியதையும் கொடுத்தேன். நகல் இல்லை, உன் கையெழுத்தில் இருப்பதையே.

கொடுப்பதற்கு முன்னால் அம்மாவுக்கு அதை முழுக்கப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்தக் கண்ணாடிக்காரருக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள். ஒரு பெண்தான் என்றேன். பிறகு எழுந்துபோய் என் செருப்பை எடுத்து, நான் கிளம்ப வாகாக வாசலில் வைத்தாள்.

அந்தப் பெண் உனக்கு எழுதுவாள். நிறையக் கேள்விகள் வைத்திருக்கிறாள், எல்லாவற்றுக்கும் பதில் போடு. எனக்குப் போட வேண்டாம்.

அக்கா